புதிய மெயின் பாய்: எந்தத் தையலகத்தை நம்புவது?

கிழக்குக்காற்று

வணக்கம். எங்கள் படகு 36 அடி ஸ்லூப் (ஒற்றைப் பாய்மரப் படகு), மலேசியாவின் லங்காவியில் நிற்கிறது. மெயின் பாய், அதாவது பாய்மரத்துக்குப் பின்னால் காற்றைப் பிடிக்க ஏற்றும் பெரிய துணி, இனித் தாங்காது. பின்விளிம்பை ஒட்டிய தையலை நகத்தால் கீறினால் நூல் பொடியாக உதிர்கிறது. காற்று 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தைத் தொட்டதும் பாயின் உப்பல் பின்னால் நகர்ந்துவிடுகிறது. படகு சாய்கிறதே தவிர முன்னே போவதில்லை. வரும் ஜனவரியில் தாய்லாந்தின் புக்கெட் வழியாக இலங்கைக்கும், அங்கிருந்து மாலத்தீவுக்கும் போவதென்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். படகில் நாங்கள் இருவர் மட்டுமே.

மூன்று இடங்களில் விலை கேட்டேன். ஒன்று புக்கெட்டில் உள்ள தையலகம். இரண்டாவது, பல நாடுகளில் கிளைகள் வைத்திருக்கும் பெரிய பெயர், முகவர் மூலமாக. மூன்றாவது, அளவுப் படிவத்தை நிரப்பி அனுப்பினால் தைத்துப் பார்சலில் அனுப்புகிறவர்கள். மிகக் குறைந்த விலைக்கும் மிகக் கூடிய விலைக்கும் இடையே ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசம். மூவருமே ‘டேக்ரான், கிராஸ்கட், இரண்டு ரீஃப்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதாவது பாலியெஸ்டர் துணி, பட்டைகளைக் குறுக்காக இணைக்கும் வெட்டு, பலத்த காற்றில் பாயைச் சுருக்கிக் கட்ட இரண்டு இடங்கள். ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை வித்தியாசம்? யாரிடம் கொடுப்பது?

நங்கூரம்

ஒரே பொருள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? டேக்ரான் என்பது ஒரு துணி அல்ல, ஒரு பெரிய குடும்பம். துணி எந்த ஆலையில் நெய்தது, அந்த ஆலை அதற்கு வைத்திருக்கும் பெயரும் எண்ணும் என்ன, எடை எவ்வளவு என்பதை மூவரிடமும் எழுத்தில் கேளுங்கள். எடையை அவுன்ஸில் சொன்னால் அது பாய் தைப்பவர்களின் அவுன்ஸ். 36 அங்குலத்துக்கு 28.5 அங்குலத் துண்டின் எடை. 8 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 340 கிராம். உங்கள் படகின் நீளத்துக்கும் நீங்கள் போகும் கடலுக்கும் அந்த அளவு தேவை.

துணிக்கு அடுத்து, அளவெடுப்பது யார் என்று கேளுங்கள். இது விலையைவிட முக்கியம். தையல் வரிசை இரண்டா மூன்றா, பேட்டன் (பாய்க்குள் செருகும் விறைப்புப் பட்டை) முழு நீளமா பாதி நீளமா, பேட்டன் விலையும் பாயைப் பிடித்துப் பாய்மரத்தில் மேலும் கீழும் ஓடும் ‘கார்’ என்ற துண்டுகளின் விலையும் உள்ளே இருக்கின்றனவா வெளியே இருக்கின்றனவா என்பதும் தெரிய வேண்டும். இதெல்லாம் வராமல் மூன்று விலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

தெற்குமுனை

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். பெரிய பெயருக்கே போங்கள் என்பது என் கருத்து. வடிவமைப்பில் அவர்களுக்கு இருக்கும் அனுபவம் சிறிய இடங்களுக்கு வராது. லோவெல் நார்த் 1957-இல் தொடங்கியதும் பால் எல்வ்ஸ்ட்ரோம் டென்மார்க்கில் தொடங்கியதும் பந்தயக் கடலில் சோதித்துச் சோதித்து வளர்ந்த நிறுவனங்கள். எல்வ்ஸ்ட்ரோம் 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வென்றவர். அந்த மரபுக்கு மதிப்பு உண்டு.

பணம் இருந்தால் லேமினேட் (அடுக்குகளை ஒட்டிச் செய்த) பாயைப் பற்றியும் யோசியுங்கள். எடை குறைவு, வடிவம் அசையாது.

பினாங்குக் கரை

மரபு என்று பார்த்தால் புக்கெட்டுக்கும் உண்டு. அங்கே சாலோங்கில் பெரிய தையலகத்தை அமைத்த ரோலி டாஸ்கர், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். பாய்மரப் போட்டியில் ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலில் ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது அந்த ஆண்டில்தான்.

லேமினேட் வேண்டவே வேண்டாம், அண்ணா. நம் கடல் வெப்பத்திலும் ஈரத்திலும் அடுக்குகளுக்கு இடையே பூஞ்சை பிடிக்கும். கரும்புள்ளி வந்துவிட்டால் எந்த மருந்தும் உள்ளே போகாது. மழையில் நனைந்த பாயைச் சுருட்டி மூடிவைத்து, மூன்று வாரம் கழித்துத் திறப்பதுதான் இங்கே நம் வழக்கம். வாரந்தோறும் பந்தயம் ஓட்டுகிறவர், உலர்த்தி மடித்து உள்ளே வைக்கிறவர் வாங்கட்டும். தம்பதியாக ஊர் சுற்றுகிறவர்களுக்கு நெய்த துணிதான்.

ஊசிநூல்

நான் இலங்கையில் ஏற்றுமதிக்கென்று பாய் தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். பிறகு ஆஸ்திரேலியாவில், ஃபிரிமாண்டிலில், சிறிய தையலகம் ஒன்றில். இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஓரிடத்தில் இருக்கும், ஊசி வேறிடத்தில் ஓடும். நார்த் பாய்களில் பெரும்பகுதி இலங்கையில் உருவாகிறது. ஹைட் என்ற நிறுவனத்தின் பாய்கள் பிலிப்பைன்ஸின் செபுவில் தைக்கப்படுகின்றன. இதில் குறை ஒன்றுமில்லை. அந்தக் கைகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான், அவ்வளவு சுத்தமான தையலைச் சிறிய இடங்களில் எப்போதாவதுதான் பார்த்திருக்கிறேன். ஆனால் ‘ஐரோப்பியப் பெயர், அதனால் இரு மடங்கு விலை’ என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஊசிக்குப் போகவில்லை. அது வடிவமைப்பாளருக்கும் முகவருக்கும், பாய் ஏறிய பிறகு படகுக்கு வந்து பார்க்கும் மனிதருக்கும் போகிறது. அந்த மனிதர் உண்மையிலேயே வருவார் என்றால் அது நியாயமான விலை. வரமாட்டார் என்றால், நீங்கள் கிடைக்காத ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறீர்கள். தெற்குமுனை சொன்ன வடிவமைப்பு அனுபவம் உண்மைதான். ஆனால் கிராஸ்கட் டேக்ரான் மெயின் பாய்க்குச் சிறிய தையலகங்களும் செயில்பேக் போன்ற மென்பொருளில்தான் வடிவம் வரைகின்றன. பந்தயப் படகுக்கு வரும் வித்தியாசம் உங்கள் படகில் தெரியாது.

இனித் துணி. நெசவில் பாவும் (நீளவாக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) எப்படி அமைகின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிராஸ்கட் பாயில் துணிப் பட்டைகள் பின்விளிம்புக்குச் செங்குத்தாக ஓடும். ஆகவே பின்விளிம்பின் இழுவை முழுவதும் ஊடை நூலில் விழுகிறது. நல்ல ஆலையில் ஊடை நூலை வளையாமல் நேராகப் போட்டு, இறுக்கி நெய்து, பிறகு சூட்டில் சுருக்குவார்கள். பாலியெஸ்டர் சூட்டில் சுருங்கும்போது நெசவு இன்னும் நெருங்கும். அதன் பிறகு பிசின் ஏற்றுவது சிறிதளவே போதும். மலிவுத் துணியில் நெசவு தளர்வாக இருக்கும். குறையைப் பிசின் மறைக்கும். கஞ்சி போட்ட வேட்டி முதல் நாள் விறைப்பாக நிற்பதைப்போல அந்தப் பாயும் முதல் பருவத்தில் அழகாக நிற்கும். ரீஃப் எடுக்கும்போதும் காற்றுக்கு நேரே திரும்பும்போதும் படபடத்துப் படபடத்துப் பிசின் உடைந்ததும், துணி மூலைவாட்டில் இழுபடத் தொடங்கும். உங்கள் பழைய பாயில் உப்பல் பின்னால் நகர்கிறது என்றீர்களே, அது இதுதான்.

சோதிக்க வழி இருக்கிறது. மூன்று பேரிடமும் அவர்கள் போடப்போகும் துணியில் ஒரு அடிச் சதுரத் துண்டு கேளுங்கள். முதலில் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்து, எவ்வளவு கொடுக்கிறது என்று பாருங்கள். பிறகு அதைக் கையில் உருட்டி, கசக்கி, விரித்து, மறுபடியும் கசக்குங்கள். நன்றாகக் கசங்கிய பிறகு மீண்டும் மூலைவாட்டில் இழுங்கள். முன்பைவிடத் தெளிவாகக் கூடுதலாக இழுபட்டால், மடிப்புகளில் வெள்ளைக் கோடுகள் விழுந்தால், அது பிசினை நம்பி நிற்கும் துணி. சேலஞ்ச், டைமென்ஷன்-பாலியன்ட், கன்டெண்டர், பெய்ன்பிரிட்ஜ் என்று ஆலைகளின் பெயரைச் சொல்வது மட்டும் போதாது. ஒவ்வோர் ஆலையும் உயர்ந்த தரத்திலும் நெய்கிறது, சிக்கனத் தரத்திலும் நெய்கிறது. நங்கூரம் ஐயா கேட்கச் சொன்ன எண் அதற்காகத்தான்.

வெப்ப நாடுகளில் துணிக்கு முன்னே சாவது நூல். கெட்டியான துணியில் தையல் உள்ளே புதையாது, மேலேயே நிற்கும். வெயில் நேரே அதன்மேல் விழும். டெஃப்லான் வகையான பி.டி.எஃப்.இ. நூலுக்கு வெயில் ஒரு பொருட்டில்லை, ஆனால் விலை கூடுதல். பாய் முழுவதும் அதிலேயே தைக்கக் கேட்க வேண்டியதில்லை. ஜெனோவாவின் (பெரிய முன்பாய்) வெயில் பட்டைக்கு, அதாவது சுருட்டியபோது வெயிலைத் தடுக்கும் பட்டைக்கு, அந்த நூல் கட்டாயம் என்பேன். மெயின் பாய்க்கு மூன்று வரிசைத் தையலும், பூமின்மேல் (பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைமரம்) நல்ல உறையும் இருந்தால் சாதாரண பாலியெஸ்டர் நூலே போதும். பாய் இறங்கிய உடனே உறையைப் போடுங்கள், மாலையில் அல்ல.

முனைகளை எப்படிச் செய்கிறார்கள் என்று படம் கேளுங்கள். பின்முனையில் அடுக்குத் துணிகள் ஒன்றைவிட ஒன்று நீளமாக விசிறிபோல் விரிந்து, இழுவையைப் பாயின் உள்ளே கொண்டுபோக வேண்டும். ஒரே அளவில் நான்கு அடுக்கை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், அடுக்கு முடியும் கோட்டில் பாய் மடங்கிக் கிழியும். வளையத்தின் ஊடே நாடா கோத்துத் துணியில் தைத்திருக்கிறார்களா, ஒவ்வொரு ரீஃபிலும் பின்விளிம்புக் கயிற்றைப் பிடிக்கத் தனிக் கிளீட் (கயிற்றுப் பிடி) இருக்கிறதா, தலைமுனையில் தோல் சுற்றிக் கையால் தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். விலை குறைப்பவர்கள் முதலில் கைவைப்பது இங்கேதான். விலைப்புள்ளியில் இவை எதுவும் தெரியாது.

கிழக்குக்காற்று

சகோதரி, மிக்க நன்றி. மூவருக்கும் எழுதினேன். புக்கெட்டும் பெரிய பெயரும் ஆலையின் பெயர், துணி எண், எடை எல்லாம் அனுப்பிவிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே தரம். துணித் துண்டும் அனுப்புகிறார்கள். மூன்றாமவர் ‘உயர்தரக் கடல்வழித் துணி’ என்று மட்டும் பதில் எழுதியிருக்கிறார்.

நங்கூரம்

அப்படியென்றால் மூன்றாமவரை விட்டுவிடுங்கள்.

பினாங்குக் கரை

இந்த ஒருவரை விடுவது சரி. ஆனால் பார்சலில் வாங்குவதே தவறு என்ற முடிவுக்குப் போக வேண்டாம். என் மெயின் பாயை நான் ஹாங்காங்கிலிருந்து அப்படித்தான் தருவித்தேன், இன்றுவரை ஒரு குறையும் இல்லை. துணியின் பெயரை முதல் கடிதத்திலேயே சொன்னார்கள். வெட்டுவதற்கு முன் வரைபடம் அனுப்பினார்கள். நான் இரண்டு இடத்தில் மாற்றம் சொன்னேன், செய்தார்கள். ஃபிரிமாண்டிலில் ஆள் வந்து பார்ப்பார், பினாங்கில் யார் வருகிறார்கள்? அருகில் தையலகம் இல்லாதவர்களுக்கு இதுதான் வழி. பொறுமையாக அளவெடுக்கத் தெரிந்தால் போதும்.

ஊசிநூல்

பொறுமையாக அளவெடுக்கத் தெரிந்தால் என்று நீங்கள் சொன்ன இடத்தில்தான் எனக்குத் தயக்கம். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பலருக்குத் தெரிவதில்லை. பழைய பாயைத் தரையில் விரித்து அளந்து அனுப்புவார்கள். இழுபட்டுப்போன பாயின் அளவு அது. பாய்மரத்தையும் பூமையும்தான் அளக்க வேண்டும். பழைய பாய் சரிபார்க்க மட்டும்.

நங்கூரம்

அளவைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, இன்னும் கோபம் தீரவில்லை. முந்தைய படகுக்கு ஒரு முகவர் மூலம் பாய் வாங்கினேன். பெயர் வேண்டாம். அவர் படகுக்கு வரவே இல்லை; அதே மாதிரிப் படகின் அளவு கோப்பில் இருக்கிறது, அதுவே போதும் என்றார். பாய் வந்து ஏற்றினால், ஷீட் என்ற பாய்க்கயிற்றை இழுத்ததும் பூமின் பின்நுனி பிமினியின் (வெயில் கூரை) குழாயில் உட்கார்ந்தது. அந்த வகைப் படகு ஆலையிலிருந்து வெளிவந்தபோது பிமினி கிடையாது. என் படகில் இருந்தது. பின்விளிம்பின் வளைவும் பேக்ஸ்டேயில், அதாவது பாய்மரத்தைப் பின்னாலிருந்து பிடிக்கும் கம்பியில், உரசியது. கேட்டதற்கு, அளவு உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தைக் காட்டினார். திருத்தித் தைக்க நான்தான் பணம் கொடுத்தேன்.

அதனால் சொல்கிறேன். அளவெடுக்கிறவர் யாரோ அவரே தவற்றுக்குப் பொறுப்பு என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். அந்த வரியை எழுதத் தயங்குகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். புக்கெட்டுக்கு ஒன்றிரண்டு நாள் ஓட்டம்தானே? படகையே அங்கே கொண்டுபோங்கள். தைப்பவர் ஏறி அளக்கட்டும். பாய் தயாரானதும் அவரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய் ஏற்றிப் பாருங்கள். ஸ்பிரெடர் (பாய்மரத்தின் குறுக்குக் கை) எங்கே உரசுகிறது என்று பென்சிலால் குறித்து, அந்த இடத்தில் ஒட்டுத்துணி தைப்பது அதற்குப் பிறகுதான் நடக்கும். முன்கூட்டி யாராலும் அதைச் சரியாக ஊகிக்க முடியாது.

தெற்குமுனை

லேமினேட் பற்றிப் பினாங்குக் கரை சொன்னதை ஏற்கிறேன். நான் பந்தயப் படகை மனத்தில் வைத்துச் சொன்னேன். நடுவழியாக ஹைட்ராநெட் இருக்கிறதே? நெய்த துணிதான், ஆனால் பாலியெஸ்டருக்கு இடையிடையே டைனீமா என்ற மிக வலுவான நூல் கட்டங்கட்டமாக ஓடுகிறது. அடுக்கு இல்லை, ஆகவே பூஞ்சைக்கு இடமில்லை. ரேடியல் வெட்டில், அதாவது பட்டைகள் முனைகளிலிருந்து விசிறிபோல் விரியும்படி, தைக்கலாம்.

ஊசிநூல்

அருமையான துணி. 45 அடிக்கு மேற்பட்ட படகாக இருந்தால், அல்லது உலகைச் சுற்றுவதாக இருந்தால் நானே சொல்லியிருப்பேன். 36 அடிப் படகில் இரண்டு பேர், பருவக்காற்றோடு மேற்கே போகிறார்கள். பெரும்பாலும் காற்று பக்கவாட்டிலோ பின்னாலோ இருக்கும். பாயின் வடிவம் கடைசி அங்குலம்வரை அசையாமல் நிற்க வேண்டிய பயணம் இல்லை. அந்தப் பணத்தில் நல்ல டேக்ரான் மெயின் பாயும், ஜெனோவாவுக்குப் புதிய வெயில் பட்டையும், மூன்றாவது ரீஃபும் வாங்கிவிடலாம்.

ரேடியல் வெட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் இழுவை பாவு நூலில் விழும். அதற்கென்றே பாவு வலுவாக நெய்த டேக்ரான் உண்டு. கிராஸ்கட் துணியை ரேடியலாக வெட்டி ‘உயர்ந்த வகை’ என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். விலையும் போகும், வடிவமும் போகும்.

கிழக்குக்காற்று

மூன்றாவது ரீஃப் அவசியமா? புக்கெட்காரர் இரண்டு போதும், இந்தப் பகுதியில் காற்றே குறைவு என்கிறார். முழு நீளப் பேட்டனையும் பரிந்துரைக்கிறார்.

நங்கூரம்

மலாக்கா நீரிணைக்குள்ளேயே சுற்றுவதென்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விடியற்காலையில் சுமாத்ரா புயல்மழை இறங்கும்போது நாம் பாயையே இறக்கிவிடுகிறோம். ஒரு மணி நேரத்தில் கடந்துபோகும். ஆனால் நீங்கள் இலங்கையின் காலித் துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குப் போகும்போது மன்னார் வளைகுடாவின் வாய்க்கு எதிரே கடக்க வேண்டும். ஜனவரியில் வடகிழக்குக் காற்று இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே நெருக்கப்பட்டு அந்த வழியாகப் பாயும். ஒரு பகல், ஓர் இரவு முழுவதும் விடாது. அலையும் பக்கவாட்டில் வரும். அங்கே பாயை இறக்கிவிட்டுக் காத்திருக்க முடியாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் தூங்க ஒருவர் விழித்திருக்கும் படகில் மூன்றாவது ரீஃப் வேண்டும்.

ஊசிநூல்

நானும் அதையே சொல்கிறேன். பாய் புதிதாகத் தைக்கும்போதே போடுவது சிறிய செலவு. பிறகு சேர்ப்பது பெரிய செலவு. எத்தனை ரீஃப் என்பதோடு எவ்வளவு ஆழம் என்றும் எழுதுங்கள். சிலர் மூன்றையும் நெருக்கமாகப் போட்டுவிடுவார்கள். மூன்றாவதை எடுத்தால் முன்விளிம்பில் நாற்பது சதவீதமாவது குறைய வேண்டும்.

பேட்டன் விஷயத்தில் அவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. முழு நீளப் பேட்டன் பாயைப் படபடக்க விடாது, மடிப்பதும் எளிது, துணியின் ஆயுளும் கூடும். ஆனால் அது பாய்மரத்தை முன்னோக்கி அழுத்தும். சாதாரண பிளாஸ்டிக் ஸ்லைடுகள் அந்த அழுத்தத்தில் இறுகிக்கொள்ளும். ரீஃப் எடுக்க வேண்டிய நேரத்தில் பாய் இறங்காது. உருளை வைத்த கார்கள் வேண்டும், அவற்றின் விலை சிறியதல்ல. அதற்குப் பணம் இல்லையென்றால் மேலே இரண்டு முழு நீளம், கீழே இரண்டு பாதி நீளம் என்று கேளுங்கள். நான் வேலை பார்த்த தையலகத்தில் இந்த அமைப்பை நிறையப் படகுகளுக்குக் கொடுத்தோம், மகிழ்ச்சியாகத்தான் திரும்பி வந்தார்கள்.

பினாங்குக் கரை

பார்சலில் வாங்குகிறவர்கள் கவனிக்க: நான்கு மீட்டர் பேட்டன் விமானப் பார்சலில் வராது, வந்தாலும் கட்டணம் பாயின் விலையோடு போட்டி போடும். துண்டுகளாக வாங்கி இணைக்க வேண்டும், அல்லது உள்ளூரில் தேட வேண்டும்.

நங்கூரம்

எப்போது ஆர்டர் கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நவம்பரில் ராஜா மூடா பந்தயம், டிசம்பரில் புக்கெட் கிங்ஸ் கப், ஜனவரியில் லங்காவி பந்தயம். அக்டோபர் தொடங்கிவிட்டால் இந்தக் கரையில் எந்தத் தையலகமும் நம் பக்கம் திரும்பாது. அதே சமயத்தில் மேற்கே போகிற படகுகளும் கடைசி நேர வேலையோடு வந்து நிற்கும். அவசரத்தில் தைத்த பாயின் முனைகளைப் பார்த்தாலே தெரியும். இப்போது மே மாதம். ஜூன், ஜூலையில் கொடுத்தால் நல்ல கைகள் உங்கள் பாயைத் தொடும், விலையிலும் கொஞ்சம் இறங்குவார்கள்.

கிழக்குக்காற்று

துணித் துண்டுகள் வந்தன. சகோதரி சொன்னபடியே கசக்கி இழுத்துப் பார்த்தோம். இரண்டும் நன்றாகத் தாங்குகின்றன. எங்கள் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை. பெரிய பெயரின் முகவரிடம், அளவெடுக்கவும் ஏற்றிப் பார்க்கவும் லங்காவிக்கு வருவீர்களா என்று கேட்டேன். பயணச் செலவு தனி, அதுவும் பந்தயத்துக்கு வரும்போதுதான் என்றார். புக்கெட்காரர் படகைக் கொண்டுவாருங்கள், நானே ஏறி அளக்கிறேன், அளவில் பிழை வந்தால் என் செலவு என்று எழுதியே கொடுத்துவிட்டார். ஜூன் இறுதியில் போகிறோம். மூன்று ரீஃப், மூன்று வரிசைத் தையல், மேலே இரண்டு முழு பேட்டன். பாதி முன்பணம், மீதி ஏற்றிப் பார்த்த பிறகு.

வெட்டுவதற்கு முன் வரைபடம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதில் எதைப் பார்க்க வேண்டும்?

ஊசிநூல்

நல்ல ஏற்பாடு. வரைபடம் வந்ததும் மூன்றை அளந்து பாருங்கள். பின்முனையின் உயரம்: பாய் முழுவதும் இழுத்த நிலையில் பூம் நுனிக்கும் பிமினிக்கும் இடையே ஒரு கையகலமாவது இருக்கட்டும், புதிய பாயும் கொஞ்சம் இழுபடும். பின்விளிம்பு வளைவு பேக்ஸ்டேயைத் தொடாத அளவு. பிறகு, மூன்று ரீஃபிலும் பின்முனை வளையம் பூமில் உங்கள் ரீஃப் கயிறு வெளியே வரும் இடத்துக்குச் சற்று முன்னால் வருகிறதா என்று. அப்போதுதான் கயிறு கீழேயும் பின்னேயும் ஒருசேர இழுக்கும். இதற்குப் பூமில் அந்த இடங்களின் தூரத்தை நீங்கள் இப்போதே அளந்து அவருக்கு அனுப்ப வேண்டும்; பலர் இதைக் கேட்பதே இல்லை.

வரைபடத்தை இங்கே இடுங்கள். நானும் பார்க்கிறேன்.

நங்கூரம்

போகும்போது பழைய பாயையும் எடுத்துக்கொண்டு போங்கள். தையலை மட்டும் பிரித்துத் திரும்பத் தைத்துத் தரச் சொல்லுங்கள். மாலத்தீவில் பாய் கிழிந்தால் அருகில் தையலகம் கிடையாது.